கரையேறினால் வலிக்கிற பல்

“இல்லாத பல்லு எப்படிக்கா வலிக்கும்?”

“அதத்தான் நானும் கேக்குறேன். நீங்கதான டாக்டரு?”

“போன மாசம் நான்தான அதைப் புடுங்குனேன். வேரோட வந்துச்சு. நீங்ககூடக் காயிதத்துல மடிச்சு வாங்கிட்டுப் போனீங்க.”

“ஆமா, வேப்பமரத்து மூட்டுல பொதைச்சேன். பல்லு அங்க கெடக்கு. வலி மட்டும் இங்கனயே கெடக்கு.”

வாயைத் திறந்தபடியே விரலை உள்ளே விட்டு, இடது கீழ்வரிசையில் ஈறு மூடி வழுவழுவென்று ஆறிப்போயிருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள் காளீஸ்வரி. நாற்பத்தொன்பது வயது அவளுக்கு. திருச்சுழி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த கரிசல் ஊர். நாலு ஏக்கர் புஞ்சையும், சுந்தரபாண்டி என்றொரு புருசனும், கோயம்புத்தூரில் வாழ்க்கைப்பட்ட ஒரு மகளும், எட்டு வருசச் சர்க்கரையும் அவளுக்கு உண்டு. சர்க்கரைக்கு மாத்திரை இருந்தது. ஞாபகம் வந்த நாளில் போட்டுக்கொள்வாள்.

டாக்டர் ஏஞ்சலினுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பாலவனத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, அருப்புக்கோட்டை பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் பல் வைத்தியம் பார்த்துவந்தாள். அவள் ஒரு சின்னக் கம்பியை எடுத்துக் காளீஸ்வரியின் பற்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள். வலிக்குதா என்று கேட்டாள். இல்லை. சில்லென்று காற்றை அடித்துப் பார்த்தாள். இல்லை. பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னாள். காளீஸ்வரி நெல்லிக்காயைக் கடிப்பதுபோல் நறுக்கென்று கடித்தாள். எல்லாப் பல்லும் ஒரு குற்றமும் அறியாத பிள்ளைகளாக வரிசையில் நின்றன.

“அப்ப எப்பத்தான் வலிக்குது? சாப்பிடுறப்பவா? தூங்குறப்பவா?”

“சாப்பிடையில ஒண்ணும் இல்ல. முறுக்குகூடக் கடிப்பேன். கரை ஏறையிலதான் வலிக்கும்.”

“எந்தக் கரை?”

“கம்மாக்கரைதான். எங்க புஞ்சை கம்மாய்க்கு அந்தப் பக்கம். தூக்குவாளியும் தண்ணிக்கொடமுமா ஏறுவேன்ல, பாதி ஏறுறதுக்குள்ள இந்தத் தாடை பூராத்தையும் யாரோ இடுக்கி வச்சுப் புடிக்கிற மாதிரி வரும். செத்த நேரம் நின்னா போயிரும். மறுபடி நாலு எட்டு வச்சா வந்துரும்.”

“நின்னா போயிருமா?”

“போயிரும். எங்க வீட்டுக்காரவுக கேலி பண்றாக. ஊர்ல அவனவனுக்கு இனிப்புத் தின்னா பல்லு வலிக்கும், உனக்குக் கரையேறுனா வலிக்குதே, உன் பல்லுக்குக் காலு மொளைச்சிருச்சான்னு.”

ஏஞ்சலின் சிரிக்கவில்லை. கையிலிருந்த கம்பியைச் சத்தம் வராதபடி தட்டில் வைத்தாள். தன் நாற்காலியை இழுத்துக் காளீஸ்வரிக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டாள். பல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள்.

“இங்க மாடி ஏறி வந்தீங்களே, அப்ப வலிச்சுச்சா?”

“வலிச்சுச்சு. பாதிப் படியில கம்பியப் புடிச்சு நின்னுட்டுத்தான் வந்தேன். இப்ப வேணும்னாலும் ஒருக்க எறங்கி ஏறிக் காட்டுறேன்.”

“வேண்டாம்!”

எழுந்திருக்கப் போன காளீஸ்வரியின் இரண்டு தோள்களையும் ஏஞ்சலின் பிடித்து அமுக்கிவிட்டாள். வெளியே தங்கள் முறைக்குக் காத்திருந்தவர்கள் கதவு இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

“வேண்டாக்கா, உக்காருங்க. மூச்சு வாங்குதா?”

“வாங்கும். வயசாகுதுல்ல.”

“அசதி?”

காளீஸ்வரி யோசித்தாள். முன்னெல்லாம் நாலு குடம் தண்ணீர் தூக்கிவிட்டு உட்காராமல் உலை வைப்பாள். இப்போது ஒரு குடத்துக்கு ஒரு தடவை வாசற்படியில் உட்கார்கிறாள். ஆறேழு மாசமாகவே அப்படித்தான். வெயில் என்று நினைத்தாள். பிறகு சர்க்கரை என்று நினைத்தாள். அப்புறம் நினைப்பதை விட்டுவிட்டாள். இதையெல்லாம் சொன்னபோது, ஏதோ களவு கொடுத்ததைப் போலீசில் சொல்வதுபோல் அவளுக்கே இருந்தது.

“அக்கா, இது பல்லு இல்ல. எனக்கு நெஞ்சுன்னு தோணுது.”

“நெஞ்சுல எனக்கு ஒரு வலியும் இல்லையே, டாக்டரம்மா.”

“அதுதான் அதோட வேலை. இருதயத்துல இருந்து போற நரம்பும் தாடையில இருந்து போற நரம்பும், மூளைக்குப் போற வழியில ஒரே எடத்துல போய்ச் சேருது. உள்ள ரத்தக் குழாய் அடைச்சு இருதயம் தவிச்சா, மூளைக்குத் தாடை தவிக்கிற மாதிரிக் கேக்கும். சிலருக்கு இடது கை, சிலருக்கு முதுகு, சிலருக்கு மேல்வயிறு. எல்லாருக்கும் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டுத்தான் வரும்னு இல்ல. பொம்பளைங்களுக்கு இப்படி எடம் மாறி வர்றது ஜாஸ்தி. சர்க்கரை வேற இருக்கு.”

காளீஸ்வரி குனிந்து தன் மாராப்பைப் பார்த்தாள். பிள்ளைக்குப் பால் கொடுத்த காலத்துக்குப் பிறகு அந்த இடத்தை அவள் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. இத்தனை வருசமாகத் தன் வீட்டின் உள்ளறையில் யாரோ ஒருத்தி இருந்து இரவும் பகலும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஒரு வாய்த் தண்ணீர் கேட்டுச் சுவரைத் தட்டுகிறாள், அந்தத் தட்டல் பக்கத்து வீட்டில் கேட்கிறது என்று யாரோ வந்து சொன்னதுபோல இருந்தது. அவளுக்குப் பயம் வரவில்லை. மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன.

“அப்ப அந்தப் பல்லு?” என்றாள், மெதுவாக.

“அது சொத்தைதான். ஆனா வலிச்சது அது இல்ல.” ஏஞ்சலினின் முகம் சிவந்தது. “அன்னைக்கு எங்க வலிக்குதுன்னு மட்டும்தான் கேட்டேன்க்கா. எப்ப வலிக்குதுன்னு கேக்கல.”

சுந்தரபாண்டியைக் கீழேயிருந்து கூப்பிட்டார்கள். மிளகாய்க்கு வாங்கிய புதுச் சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஏறிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் சாக்குகளை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்.

“பல்லு டாக்டரு நெஞ்சைப் பாக்குறீக. அப்ப கண்ணு டாக்டர்கிட்டப் போனா மொழங்காலப் பாப்பாகளா?”

“அண்ணே, கேலியெல்லாம் அப்புறம். முதல்ல ஒரு ஈசிஜி எடுத்துருவோம்.”

காத்திருந்தவர்களிடம் பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டு ஏஞ்சலினே கூட வந்தாள். காளீஸ்வரியை ஒவ்வொரு படியாக, புதுப்பெண்ணை மணவறைக்கு நடத்துவதுபோல் இறக்கினாள். அடுத்த தெருவில் ஈசிஜி எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டர் நீளக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு இதில் எதுவும் தெரியவில்லை என்றார். சுந்தரபாண்டி அந்தக் காகிதத்தை வாங்கி, பரீட்சையில் பாசான பிள்ளையின் மார்க்கு ஷீட்டைப் போல நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டார்.

“பாத்தீகளா டாக்டரம்மா? எம் பொண்டாட்டி நெஞ்சு கோடு போட்ட நோட்டுக் கணக்கா இருக்கு.”

“படுத்திருக்கையில எடுத்தா அப்படித்தான் இருக்கும்ணே. இவங்களுக்கு வலி நடக்கையிலதான் வருது. மதுரைல இருதய டாக்டர்ட்ட காட்டணும். இன்னைக்கே போனா நல்லது.”

“இன்னைக்கா? நாளைக்கு மிளகாப்பழம் எடுக்க ஆறு ஆளு சொல்லியிருக்கு. விட்டா செடியிலயே வத்தலாகிரும். இவ இல்லாம ஆளுக வேல செய்யுமா?”

காளீஸ்வரியும் அதைத்தான் நினைத்தாள். கடைசியில் வியாழக்கிழமைக்கு ஏஞ்சலின் போனிலேயே நேரம் வாங்கிக் கொடுத்தாள். அன்று செவ்வாய். இடையில் ஒரு நாள்தான். அந்த ஒரு நாள் அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வண்டியில் ஏறப் போன காளீஸ்வரியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“நாளைக்குக் கொடம் தூக்கக் கூடாது. கரை ஏறக் கூடாது.”

“ஏறாம புஞ்சைக்கு எப்படிப் போறது, பறந்தா?”

“அக்கா, நான் சொல்றத நல்லாக் கேட்டுக்கோங்க. நடக்கையில வந்து, நின்னா போற வரைக்கும் அது சொல்லிக்கிட்டு இருக்கு. சும்மா உக்காந்திருக்கையிலயே வந்துச்சுன்னா, நேரமாகியும் போகலைன்னா, அது கத்துது. அப்ப பைக்குல ஏறக் கூடாது. சோடா குடிச்சுப் பாப்போம்னு உக்காரக் கூடாது. நூத்தியெட்டு. எங்க, திருப்பிச் சொல்லுங்க.”

காளீஸ்வரி பஜாரில் நின்று, அஞ்சாங்கிளாஸ் பிள்ளையைப் போல அதை ஒப்பித்தாள். பழக்கடைக்காரர் தராசைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அடுப்பில் உலை கொதிக்கக் காத்திருந்தபோது, காளீஸ்வரி கழுத்தோரம் இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். துடித்தது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். அது விட்ட இடத்திலிருந்து துடித்துக்கொண்டிருந்தது. அவள் தொடாதபோதும் அங்கே துடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். தாலி கட்டியபோதும், மகளைப் பெற்றபோதும், கண்மாய் உடைத்துக்கொண்டு ஊரே ஓடியபோதும், பட்டப்பகலில் வாயைப் பிளந்து தூங்கியபோதும். ஒரு நாள்கூட அவள் ஏவியதில்லை. உலை பொங்கி அடுப்பில் வழிந்தது.

“என்ன, சாமி கீமி வருதா?” என்று கேட்டார் சுந்தரபாண்டி.

“வாயப் பொத்துங்க, கேட்டுக்கிட்டு இருக்கேன்” என்றாள்.

மறுநாள் காலையில் குடத்தை அவள் தூக்கவில்லை. டாக்டரம்மாவின் பேச்சுக்கு அந்த அளவுக்கு மரியாதை கொடுத்தாள். வெறுங்கையோடு கரை ஏறினாள். வெறுங்கையோடு ஏறியும் மூன்று இடத்தில் நின்றாள். போன வாரம்வரை குடத்தோடு ஏறியும் இரண்டு இடத்தில்தான் நின்றிருக்கிறாள். இதை அவள் கவனித்தாள். கவனித்ததை யாரிடமும் சொல்லவில்லை.

“என்ன மதினி, எடத்துக்கு எடம் நின்னு கரைய அளக்குறியா? பட்டா கிட்டா வாங்கப் போறியா?” என்றாள் பின்னால் வந்த முத்துப்பேச்சி. சுந்தரபாண்டிக்குச் சித்தப்பா மகள். ஆறு ஆட்களில் அவளும் ஒருத்தி.

“போடி முன்னால. கரை ஒண்ணும் ஓடிப் போகாது.”

பத்து மணிக்குப் புஞ்சை முழுக்கச் சிவப்பாக இருந்தது. செடிகளுக்கு நடுவில் ஆட்கள் குனிந்து நிமிர, சேலை மடியில் பழம் விழும் சத்தம் மழை தொடங்குவதுபோல் பொலுபொலுவென்று கேட்டது. காளீஸ்வரி கருவேல மர நிழலில் உட்கார்ந்து சொத்தைப் பழத்தைத் தனியே பொறுக்கிக்கொண்டிருந்தாள். காலை நீட்டி, மரத்தில் சாய்ந்து, கை மட்டும் வேலை செய்தது.

அப்போது வந்தது.

முதலில் தாடை. பிறகு இடது கையின் உட்புறமாக, ஈரத்துணியைப் பிழிவதுபோல் ஒரு முறுக்கு. நெஞ்சில் அப்போதும் வலி என்று சொல்ல முடியாது. யாரோ தானிய மூட்டையைக் கொண்டுவந்து அதன்மேல் மெதுவாக இறக்கி வைத்ததுபோல ஒரு பாரம். அவள் பழம் பொறுக்குவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். கரையில் என்றால் இந்நேரம் போயிருக்கும். போகவில்லை. அந்த வெயிலில் அவள் முதுகில் குளிர்ந்த வேர்வை இறங்கியது. பானைத் தண்ணீரை ஊற்றினதுபோல் ரவிக்கை நனைந்தது.

உட்கார்ந்திருக்கிறேன், என்று நினைத்தாள். உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் வந்துவிட்டது.

“ஏ முத்துப்பேச்சி, அவுகளக் கூப்புடு.”

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று எல்லோரையும் நிமிர வைத்தது. முத்துப்பேச்சி மடியிலிருந்த பழத்தை அப்படியே கொட்டிவிட்டு ஓடிவந்தாள். முகத்தைத் தொட்டுப் பார்த்து, “வாய்வு மதினி, வெறும் வயித்தோட வந்திருப்ப. ஏலே யாராச்சும் ரோட்டுக் கடையில சோடா வாங்கியாங்க” என்று கத்தினாள். ஒருத்தி முதுகை நீவினாள். இன்னொருத்தி பெருங்காயத்தை வெந்நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும் என்றாள்.

சுந்தரபாண்டி பம்ப்செட் பக்கமிருந்து வந்தார். “என்ன, பல்லா?”

காளீஸ்வரி ஆமென்று தலையாட்டினாள். “நூத்தியெட்டுக்குப் போடுங்க.”

“பல்லு வலிக்கெல்லாம் நூத்தியெட்டு வருமாத்தா? சிரிப்பாக. வா, வண்டியில ஏறு, பத்து நிமிசத்துல பந்தல்குடி ஆசுபத்திரிக்குப் போயிருவோம்.”

“ஏற மாட்டேன். போடுங்க.”

அவளை அவ்வளவு பிடிவாதமாக அவர் பார்த்ததில்லை. போனை எடுத்துப் போட்டார். விரல் தவறிப் பட்டு ஸ்பீக்கர் ஆனாகிவிட்டது. எதிர்முனையில் ஒரு பெண் குரல் வணக்கம் சொல்லி, என்ன பிரச்சினை என்று கேட்டது. சுந்தரபாண்டிக்கு வாய் குழறியது. அவருக்குத் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்றுதான்.

“எம் பொண்டாட்டிக்கு... இந்த... பல்லு வலிங்க.”

“பல் வலியா சார்?”

சோடா வாங்கப் போனவன் கரைமேல் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது.

அந்த ஊரில் ஒரு சொல் இருந்தது. அதை எல்லோரும் அறிவார்கள், ஆனால் அது இழவு வீட்டில் மட்டும்தான் பேசப்படும். எப்படிச் செத்தார் என்று கேட்கிறவர்களுக்கு வாசலில் நிற்கிறவர்கள் சொல்கிற பதில் அது. நெஞ்சடைப்பில் போய்விட்டார். நெஞ்சடைப்பில் போய்விட்டாள். அந்தச் சொல் எப்போதும் ‘போய்விட்டார்’ என்பதோடு கைகோத்துத்தான் வரும். அதுவரைக்கும் அவர்களுக்கு இருந்தது வாய்வு. அல்லது பிடிப்பு, அசதி, பல்வலி. உயிரோடு இருக்கிற யாருக்கும் நெஞ்சடைப்பு வந்ததாக அந்த ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. வந்திருந்தாலும் அதற்கு அந்தப் பெயரை வைக்க ஆள் இல்லை. தனக்கு அதைச் சொல்லிக்கொள்வது, தன் பாடைக்குத் தானே மூங்கில் வெட்டுவது மாதிரி.

காளீஸ்வரி கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

“எனக்கு நெஞ்சடைப்பு” என்றாள்.

முத்துப்பேச்சி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சுந்தரபாண்டி மனைவியைப் பார்த்தார். அவள் அங்கேயே மரத்தில் சாய்ந்து, வேர்த்து ஒழுகி, உயிரோடு உட்கார்ந்திருந்தாள். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டும் உயிரோடு இருந்தாள். அவர் பார்வையில் பயத்தோடுகூட வேறு ஒன்றும் இருந்தது. கோயிலில் திரை விலகும்போது இருக்குமே, அது.

எதிர்முனையில் அந்தப் பெண்ணின் குரல் மாறிவிட்டது. எத்தனை நிமிஷமாக, எந்த ஊர், எந்த வழி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. நடக்க விடாதீர்கள் என்றது. லைனிலேயே இருங்கள் என்றது.

ஆம்புலன்ஸ் கரைக்கு அந்தப் பக்கம்வரைதான் வரும். பம்ப்செட்டில் கிடந்த கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்தார்கள். நாலு பேர் தூக்க, சுந்தரபாண்டி அவள் தலைமாட்டில் ஒரு கையால் கட்டிலைத் தாங்கியபடி மறுகையால் துண்டை அவள் முகத்துக்கு நேரே வெயில் படாமல் பிடித்துக்கொண்டு வந்தார்.

“பாக்குறவுக என்ன நெனைப்பாக, இப்படித் தூக்கிட்டுப் போறோமே” என்று அழுதாள் முத்துப்பேச்சி.

“நெனைக்கட்டும். கண்ணு முழிச்சுத்தான இருக்கேன்” என்றாள் காளீஸ்வரி.

தினம் தினம் நின்று நின்று ஏறிய கரையில் முதல் முறையாக ஒரு எட்டும் வைக்காமல் ஏறினாள். கரை அவளுக்குத் தெரியவில்லை. வானம்தான் தெரிந்தது. அதன் நீலம் அன்றைக்கு அவ்வளவு ஆழமாக இருந்தது. அண்ணாந்து இவ்வளவு நேரம் அதை எப்போது பார்த்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் எடுத்த ஈசிஜியில், நேற்றுக் கோடு போட்ட நோட்டாக இருந்த நெஞ்சு மேடும் பள்ளமுமாக எழுந்து நின்றது. மாத்திரைகளைக் கொடுத்து மென்று முழுங்கச் சொன்னார்கள். ஊசி போட்டார்கள். அதே வண்டியில் மதுரைக்கு அனுப்பினார்கள். மதுரையில் சுந்தரபாண்டியிடம் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னபோது, ரத்தக் குழாயில் அடைப்பு என்று டாக்டர் விளக்கினார். அவர் தலையாட்டினார். அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, “சார், வலி பல்லுலதான சொன்னா” என்றார், கெஞ்சுகிற குரலில். கதவு மூடிக்கொண்டது.

உள்ளே குளிராக இருந்தது. காளீஸ்வரியை மயக்கவில்லை. மணிக்கட்டில் மட்டும் ஊசி போட்டு மரத்துப்போக வைத்தார்கள். அவள் தலைக்குமேல் ஒரு பெரிய இயந்திரம் யானை குனிந்து முகர்வதுபோல் இறங்கியது. தாடை இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. இடது பக்கம் தலையைத் திருப்பியபோது அங்கே ஒரு பெரிய திரை இருந்தது. மழைக்கால விடியலைப் போலச் சாம்பல் நிறமாக, எதுவுமே இல்லாமல் கிடந்தது.

“இப்போ உடம்பு கொஞ்சம் சூடா இருக்கிற மாதிரித் தோணும்மா. பயப்பட வேண்டாம்” என்றார் டாக்டர். முகக்கவசத்துக்கு மேலே அவருடைய கண்கள் மட்டும் தெரிந்தன.

மார்புக்குள் வெதுவெதுப்பாக ஏதோ பரவியது. அதே நேரத்தில் சாம்பல் திரையில் ஒரு மரம் தோன்றியது.

கரிய மரம். அடிமரத்திலிருந்து கிளை, கிளையிலிருந்து கொப்பு, கொப்பிலிருந்து மயிரிழை போன்ற நுனிகள் என்று ஒரே வீச்சில் விரிந்தது. இலையில்லாத மரம், ஆனால் காய்ந்த மரம் அல்ல. அது துள்ளியது. ஒவ்வொரு துள்ளலுக்கும் எல்லாக் கிளைகளும் சேர்ந்து அசைந்தன. மூன்று நான்கு துள்ளலில் மங்கி, வந்த இடம் தெரியாமல் மறைந்தது. மின்னலுக்கு நிழல் என்று ஒன்று இருந்தால் அது இப்படித்தான் இருக்கும்.

“சார், அது என்னது?”

“உங்க இருதயத்தோட ரத்தக் குழாய்கள்தாம்மா.”

“என்னோடதா?”

“உங்களோடதுதான்.”

இன்னொரு தடவை மருந்து போனது. இன்னொரு தடவை மரம் வந்தது. இந்தத் தடவை டாக்டர் படத்தை நிறுத்தி ஓர் இடத்தைக் காட்டினார். தடித்த கிளை ஒன்று வந்துகொண்டே இருந்து, ஓரிடத்தில் எறும்பின் இடுப்பைப் போல நூலாக இளைத்திருந்தது. அதற்குக் கீழே இருக்க வேண்டிய கொப்புகள் கோடு காட்டியும் காட்டாமலும் கிடந்தன. மரத்தின் ஒரு பக்கமே பொய்யாக வரைந்ததுபோல் இருந்தது.

இவ்வளவு ஒல்லியான வழியில்தான் போன வாரம்வரை குடத்தோடு கரை ஏறியிருக்கிறாள். நேற்றுக் காலை மாடி ஏறியிருக்கிறாள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு அது சளைக்காமல் துள்ளியிருக்கிறது. காளீஸ்வரிக்குக் கண் நிறைந்தது. துடைக்கக் கை சும்மா இல்லை.

“இப்போ அந்த இடத்துல ஒரு சின்ன பலூனை விரிக்கப் போறேன். கொஞ்ச நேரம் வலிக்கும். சொல்லணும்.”

கம்பி போன்ற ஏதோ ஒன்று அந்தக் கிளைக்குள் மெல்ல மெல்ல நுழைவதைத் திரையில் பார்த்தாள். உடம்பில் எதுவும் தெரியவில்லை. பிறகு அந்த இளைத்த இடத்தில் ஒரு நிழல் உப்பியது. அதே கணத்தில் அவளுடைய இடது கீழ்வரிசையில், வேப்பமரத்தடியில் கிடக்கிற அந்தப் பல்லின் இடத்தில், வலி ‘விண்’ணென்று எழுந்தது.

“பல்லு சார்! பல்லு!”

“பல்லா?”

“பல்லு வலிக்குது சார்!”

டாக்டர் பக்கத்திலிருந்தவரிடம் தலையசைத்தார். திரையில் நிழல் சுருங்கியது.

“இப்போ?”

காளீஸ்வரி நாக்கால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். வலி இறங்கிக்கொண்டிருந்தது. யாரோ இடுக்கியைத் தளர்த்திக் கையில் எடுத்துக்கொண்டு போனதுபோல் அது போய்விட்டது. நெஞ்சிலிருந்த மூட்டையையும் கூடவே எடுத்துக்கொண்டு போனது. அந்தப் பாரம் எவ்வளவு பெரியது என்பதே இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

“போயிருச்சு” என்றாள். அவளால் நம்ப முடியவில்லை. “சார், நீங்க அங்க தொட்டீக. இங்க வந்துச்சு. நீங்க விட்டீக. போயிருச்சு.”

“அப்போ சரியான இடத்தைத்தான் பிடிச்சிருக்கோம்” என்றார் டாக்டர். கண்கள் சிரித்தன.

அந்த இடத்தில் வலைபோன்ற ஒரு சின்னக் குழலை வைத்தார்கள். அது வழியை இனி விரித்துப் பிடித்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். அப்போது ஒருமுறை பல் வலித்து அடங்கியது. இந்தத் தடவை அவள் கத்தவில்லை. கடைசியாக ஒரு தடவை மருந்து போனது. வெதுவெதுப்பு வந்தது. மரம் வந்தது.

எறும்பின் இடுப்பு இல்லை. தடித்த கிளை தடித்தபடியே ஓடியது. அதற்குக் கீழே, இதுவரை இல்லாத கொப்புகள் ஒவ்வொன்றாகக் கறுத்து எழுந்தன. கொப்பிலிருந்து கொப்பு, நுனியிலிருந்து நுனி, கடைசி மயிரிழைவரை. திரையின் ஓரத்தைத் தொட்டது மரம். துள்ளியது. துள்ளிக்கொண்டே இருந்தது. அறையில் இருந்தவர்களுக்கு அது தினம் பத்துத் தடவை பார்க்கிற படம். அவர்கள் கையுறையைக் கழற்றிக்கொண்டும், தட்டுகளை எடுத்துக்கொண்டும் இருந்தார்கள். அவள் மட்டும் கண்ணைக் கொட்டாமல் பார்த்தாள். நாற்பத்தொன்பது வருசமாக இது உள்ளே நின்றிருக்கிறது. இருட்டில், ஒருவரும் பாராமல், இவ்வளவு அழகாக.

மரம் மங்கத் தொடங்கியது.

“முடிஞ்சதும்மா. நல்லபடியா முடிஞ்சது” என்றார் டாக்டர், திரும்பியபடி.

“சார்.”

“சொல்லுங்க.”

“வெளிய எங்க வீட்டுக்காரவுக நிக்கிறாக. இன்னமும் பல்லுன்னுதான் சொல்லிக்கிட்டு இருப்பாக. ஒரு எட்டு உள்ள கூப்புட்டு, இத அவுகளுக்கு ஒருக்கக் காட்டுங்களேன், சார்.”